ஸ்நோவுக்கு அடியில் கோதுமை: கனடா அறுவடை பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஆல்பர்ட்டா மாநிலத்தில், எட்மண்டனுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் தானியக் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். விவசாயிகள் லாரியில் கொண்டுவரும் கோதுமை, பார்லி, கனோலாவில் மாதிரி எடுத்து, ஈரம் பார்த்து, தரம் சொல்வது என் வேலை. செப்டம்பர் கடைசியில் வழக்கமாக ஒரு போட்டோ அனுப்புவேன். வெள்ளைத் தரையில் மஞ்சள் கதிர்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். உடனே மன்னார்குடியிலிருந்து மாமா, டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாண நண்பர்கள், சென்னையிலிருந்து கல்லூரிக் கூட்டாளிகள் என்று வரிசையாகக் கேட்பார்கள். ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

“பனிதானே? மார்கழியில இங்கேயும்தான் கொட்டுது. அதுக்கா இவ்வளவு கவலை?”

மாமா கேட்டது. அவர் மேல் தப்பில்லை, நம் சொல் அப்படி. காலையில் புல் நுனியில் நிற்பதும் பனி, ராத்திரியில் செடியை உறைய வைப்பதும் பனி, வானத்திலிருந்து வெள்ளையாக விழுவதும் பனி. அறுவடைக்காரருக்கு இவை மூன்றும் மூன்று தனித்தனித் தொல்லைகள். அதனால் இங்கே பனித்துளி, உறைபனி, ஸ்நோ என்று பிரித்தே எழுதுகிறேன்.

பனித்துளி நேரத்தைத் தின்னும். செப்டம்பர் பாதிக்கு மேல் கதிர் காய்வதற்கே மதியம் ஆகிவிடும், பொழுது சாய்ந்ததும் மறுபடி நமத்துப்போகும். அக்டோபரில் நல்ல வெயில் அடித்தாலும் அறுக்கக் கிடைப்பது நாலைந்து மணி நேரம்தான். உறைபனியோ முற்றாத பயிரைத்தான் அடிக்கும். கனோலா என்பது கடுகுக் குடும்பத்து எண்ணெய் விதை. அது பச்சையாக இருக்கும்போது உறைந்தால் விதைக்குள் பச்சையம் அப்படியே தங்கிவிடும், எண்ணெயிலும் அந்தப் பச்சை இறங்கும். முதல் தரத்துக்கு நூற்றுக்கு 2 பச்சை விதைதான் அனுமதி. 100 விதையை டேப்பில் ஒட்டி, உருளையால் நசுக்கி, உள்ளே என்ன நிறம் என்று எண்ணுவோம். நாலு இருந்தால் இரண்டாம் தரம்.

மூன்றாவதான ஸ்நோ கொண்டுவருவது பாரமும் தண்ணீரும். மீதிக் கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

“செப்டம்பர்லயே விழும்னு தெரியும்ல? ஒரு மாசம் முன்னாடி விதைக்க வேண்டியதுதானே?”

ஒரு மாதம் முன்னாடி வயல் உறைந்தோ, உருகிச் சேறாகவோ கிடக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிவதற்குள் விதைத்தாக வேண்டும், ஆகஸ்ட் கடைசியில் அறுக்க ஆரம்பித்து அக்டோபர் தொடக்கத்தில் முடிக்க வேண்டும். நடுவில் உறைபனி இல்லாத நாள்கள் நூற்றுச் சொச்சம்தான். வசந்தத்தில் பத்து நாள் மழை பிடித்துக்கொண்டால், அந்தப் பத்து நாளும் அப்படியே அறுவடைக் கடைசியில் வந்து நிற்கும்.

இந்தச் சமவெளியில் கோதுமை வேரூன்றியதே ஒரு வாரத்தை மிச்சம் பிடித்த கதைதான். அதற்கு முன் போட்டுக்கொண்டிருந்த ரெட் ஃபைஃப் என்ற ரகம் நல்ல ரொட்டி தரும், ஆனால் முற்றத் தாமதமாகும். உறைபனி முந்திக்கொள்ளும். 1892இல் அதை ‘ஹார்ட் ரெட் கல்கத்தா’ என்ற இந்தியக் கோதுமையோடு கலந்தார்கள். அந்த வழியில் வந்த கதிர்களிலிருந்து சார்லஸ் சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் பொறுக்கி எடுத்த ரகம் மார்க்விஸ். பசைத்தன்மை இருக்கிறதா என்று மணியை வாயில் போட்டு மென்று பார்த்தே தேர்ந்தெடுத்தாராம். 1909இல் விவசாயிகள் கைக்கு வந்தது. ரெட் ஃபைஃபைவிட ஒரு வாரம் போல முன்னாலேயே முற்றியது. அந்த ஒரு வாரத்தால் லட்சக்கணக்கான ஏக்கர் கோதுமை நிலமானது. சீக்கிரம் முற்றும் குணம் நம்மூர்க் கோதுமையிலிருந்து வந்தது என்று இங்கே யாரிடமாவது சொன்னால் நம்புவதே இல்லை.

“நிக்கிற பயிர் மேல ஸ்நோ விழுந்தா அன்னிக்கே எல்லாம் போச்சா?”

இல்லை. முற்றிக் காய்ந்த கதிர் மேல் உலர்ந்த ஸ்நோ நாலு விரல்கடை விழுந்து, மறுநாள் காற்றடித்து உதிர்ந்துவிட்டால் பெரிய சேதம் ஒன்றும் கிடையாது. ஈரமான கனத்த ஸ்நோதான் பயிரைப் படுக்கப் போடும். அதைவிட மோசம், உருகுவதும் நனைவதும் காய்வதும் மறுபடி நனைவதுமாக இழுத்துக்கொண்டே போவது. ஒவ்வொரு சுற்றிலும் மணி கொஞ்சம் ஊதும், தோல் சுருங்கும், நிறம் வெளுக்கும், எடை குறையும். சூடும் ஈரமும் சேர்ந்து கிடைத்தால் முளைவிடும்.

வெட்டிப் போட்ட பயிர் வேறு கதை. இங்கே கனோலாவைப் பலர் முதலில் வெட்டி நீள வரிசையாகப் போட்டு, பத்துப் பதினைந்து நாள் காயவிட்டுப் பிறகுதான் கதிரடிப்பார்கள். ஸ்வாத் என்று பெயர். நம்மூரில் அரி போடுகிற மாதிரிதான், நீளம் மட்டும் ஒரு மைல். அதன்மேல் ஸ்நோ உட்கார்ந்தால் வரிசை தரையோடு அப்பிக்கொள்ளும், அடியில் காற்றுப் போகாது. நிற்கும் பயிர் காற்றில் காயும், படுத்த பயிர் மண்ணிலிருந்து ஈரம் இழுக்கும். ஆனால் நிற்கும் கனோலா பெருங்காற்றில் காய் வெடித்துக் கொட்டிவிடும். எது மேல் என்று காபிக் கடையில் ஆரம்பித்தால் விடிய விடியப் பேசுவார்கள்.

“கம்பைன் வண்டியில ஏசி, ஹீட்டர், ஜிபிஎஸ் எல்லாம் இருக்கே. ஸ்நோவிலேயே ஓட்டி அறுக்க முடியாதா?”

முடியும், சில நாளில் செய்கிறார்கள். அதைக் கிட்டே நின்று பார்த்தால்தான் ஏன் தயங்குகிறார்கள் என்று புரியும். வண்டி ஸ்நோவையும் வைக்கோலையும் சேர்த்தே விழுங்கும். உள்ளே இருக்கும் சூட்டில் ஸ்நோ உருகி, பதரோடு சேர்ந்து பசை மாதிரி சல்லடையில் ஒட்டும். குளிரில் அது பனிக்கட்டியாக இறுகும். அப்புறம் மணி சல்லடையில் இறங்காமல் வைக்கோலோடு பின்பக்கமாக வெளியே போய்விடும். ஒருமுறை ஒரு விவசாயி வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, சமையலறைக் கத்தியால் அந்தக் கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் சுரண்டி இருபது நிமிடம் அறுத்தார்.

அடுத்த தொல்லை தரை. தானியம் நிரம்பினால் வண்டியின் தொட்டியிலேயே பத்து டன் இருக்கும், வண்டியின் எடை தனி. உருகிய வயலில் இறங்கினால் அச்சு வரைக்கும் புதையும். டெல்டாவில் சேற்று வயலுக்குச் செயின் வண்டி கூப்பிடுகிற மாதிரி இங்கேயும் ரப்பர் பெல்ட் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு, விலைதான் தாங்காது. அதனால் சிலர் குளிர் அதிகமாகட்டும் என்று காத்திருப்பார்கள். தரை இறுகி, பயிர் மேலிருக்கும் ஸ்நோவும் பொடியாக உலர்ந்திருக்கும் அதிகாலையில் அறுத்துவிட்டு, வெயில் ஏறி இளகுவதற்குள் வெளியே வந்துவிடுவார்கள். வெயிலுக்கு ஏங்கியவர்கள் நவம்பரில் குளிருக்கு ஏங்குவது இப்படித்தான்.

“ஈரமா அறுத்தா என்ன, காய வெச்சுக்கலாமே? நாங்க ரோட்ல கொட்டிக் காய வைக்கலையா?”

அக்டோபரில் இங்கே ரோட்டில் கொட்டினால் இன்னும் நனையும். பெரிய அடுப்பு மாதிரி உலர்த்தும் இயந்திரம் உண்டு. இயற்கை எரிவாயுவிலோ புரொப்பேனிலோ சூடான காற்றை ஊதும். கோதுமை 14.5 சதவீத ஈரத்துக்குள் இருந்தால்தான் ‘உலர்ந்தது’ என்று கணக்கு, கனோலாவுக்கு 10. ஸ்நோவில் நனைந்த கோதுமை 20க்கு மேல் வருவது சாதாரணம். ஒவ்வொரு புள்ளியை இறக்கவும் எரிபொருள், மின்சாரம், ராத்திரி முழுக்க விழித்திருக்க ஓர் ஆள். வறண்ட வருடங்களில் உலர்த்தி தேவையே படாததால் பலர் வாங்கியதில்லை. அவர்கள் எங்களைப் போன்ற நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும்.

காய வைக்காமல் குதிரில் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனோலாதான் சரியான பாடம். இங்கே குதிர் என்றால் வட்டமான எஃகுக் கொட்டகை, ஆங்கிலத்தில் ‘பின்’ (bin) என்பார்கள். ஈரக் கனோலா அதில் தானாகவே சூடேறும். வெளியே மைனஸ் 20 இருக்கும்போது உள்ளே நடுவில் கை வைக்க முடியாத சூடு, கருகல் வாசனை, சில சமயம் தீ. அதனால் விற்பதற்கு 10 என்றாலும், மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கு 8 சதவீதத்துக்கு இறக்கி ஆற வைக்கச் சொல்வார்கள்.

செலவிலும் ஒரு பழைய மனக்குறை உண்டு. 2019இலிருந்து மத்திய அரசு போட்ட கார்பன் வரியில் பண்ணை டீசலுக்கு விலக்கு இருந்தது, தானியம் உலர்த்தும் புரொப்பேனுக்கு இல்லை. ஈர வருடத்தில்தான் அந்த பில் ஏறும், அதாவது நஷ்டப்பட்ட வருடத்தில் வரி அதிகம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 2025 ஏப்ரலில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்.

“நல்ல கோதுமை, முளைச்ச கோதுமைன்னு நீ பார்த்தவுடனே சொல்லிடுவியா?”

முளை வெளியே தெரிந்தால் சொல்லிவிடலாம். தெரியாதபோதுதான் சண்டை வரும். மணி பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே முளைப்பு வேலை தொடங்கியிருக்கும். அதற்கு ஒரு சோதனை உண்டு. 7 கிராம் மாவு, 25 மில்லி தண்ணீர், ஒரு கண்ணாடிக் குழாய். கொதிநீரில் வைத்துக் கலக்கினால் கஞ்சியாகும். கலக்கும் கம்பியை மேலே தூக்கி விட்டுவிட்டு, அது கஞ்சிக்குள் இறங்கிக் கீழே போக எத்தனை நொடி என்று பார்ப்போம். நல்ல கோதுமை 300 நொடிக்கு மேல் தாக்குப்பிடிக்கும். மோசமாக முளைத்தது நூறைத் தாண்டாது.

காரணம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. சாதாரண கேழ்வரகு மாவில் கூழ் கிண்டினால் கெட்டியாக வரும். முளைகட்டிய கேழ்வரகில் அதே அளவு போட்டால் தண்ணீராக ஓடும். முளைக்கும்போது சுரக்கும் நொதி மாவுச்சத்தை வெட்டிப் போட்டுவிடும். குழந்தைக்குக் கஞ்சி ஊட்ட அது நல்லது, ரொட்டிக்கு ஆகாது. நடுவில் பிசுபிசுவென்று இருக்கும்.

இந்த எண்ணை விவசாயியிடம் சொல்வதுதான் என் வேலையிலேயே பிடிக்காத பகுதி. மே மாதத்திலிருந்து உழைத்தவர் எதிரே நின்றுகொண்டிருப்பார், நான் “110” என்பேன்.

“அப்போ அந்தக் கோதுமையைக் கொட்டிடுவாங்களா?”

மாட்டார்கள், மாட்டுக்குப் போகும். தெற்கு ஆல்பர்ட்டாவில் லெத்பிரிட்ஜைச் சுற்றி மாடு கொழுக்க வைக்கும் பண்ணைகள் நிறைய. முளைத்ததோ சுருங்கியதோ மாட்டுக்குக் கவலை இல்லை, பூஞ்சை நஞ்சு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். விலை மட்டும் இறங்கிவிடும். பியருக்குப் போகிற மால்ட் பார்லிக்குத்தான் அடி பலமாக விழும். ஆலையில் அது முளைத்தாக வேண்டும். வயலிலேயே முளைத்துவிட்டால் ஆலையில் முளைக்காது. அதே பார்லி தீவன விலைக்கு வரும்.

“ஏப்ரல் வரைக்கும் ஸ்நோவுக்கு அடியில கிடந்ததை அறுக்கிறாங்களாமே? நிஜமா?”

நிஜம்தான், நானே வாங்கியிருக்கிறேன். 2016 அக்டோபரில் ஆல்பர்ட்டாவில் மழையும் ஸ்நோவும் விடாமல் பிடித்ததில், பத்து லட்சம் ஏக்கரையொட்டிய பயிர் வயலிலேயே குளிர்காலத்தைக் கழித்தது. ஸ்நோ உருகித் தரை தாங்கியதும் விதைப்புக்கு முன்னால் அறுத்தார்கள். ஆச்சரியமாகக் கனோலா ஓரளவு தப்பிக்கும். குளிரில் விதை கெட நேரமில்லை, வசந்தக் காற்றில் உலர்ந்தும்விடும். எடைதான் போயிருக்கும். மானும் வாத்தும் தின்றது போக, ஸ்வாத்துக்கு அடியில் எலிகள் குடும்பம் நடத்தியிருக்கும். மாதிரியில் எலிப் புழுக்கை அளவுக்கு மீறி வந்தால் அந்த லாரியை எடுக்க முடியாது.

உணவுக்கு என்றால் பயம் கூடுதல், அதற்கு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ரஷ்யாவின் ஓரன்பர்க் பகுதியில் ஆள் இல்லாமல் அறுக்காமல் விட்ட தானியத்தை, வசந்தத்தில் பசிக்குப் பொறுக்கித் தின்றார்கள். ஸ்நோவுக்கு அடியில் வளர்ந்த ஃபுசேரியம் பூஞ்சையின் நஞ்சு எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள், பலர் இறந்தார்கள். வசந்தத்தில் அறுத்ததை உணவுக்கு எடுக்கும்போது நஞ்சைப் பற்றி யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

“எல்லாத்துக்கும் இன்சூரன்ஸ் இருக்கும்ல, அப்புறம் என்ன அழுகை?”

இருக்கிறது. பிரீமியத்தில் 40 சதவீதம் விவசாயி, 36 மத்திய அரசு, 24 மாநிலம். ஆனால் காப்பீடு அவருடைய வழக்கமான விளைச்சலில் அதிகபட்சம் 80 சதவீதம் வரைதான். மீதி 20 இருக்கிறதே, பெரும்பாலானவர்களுக்கு லாபம் அதில்தான். போட்ட காசு திரும்பி வரலாம், வண்டித் தவணைக்கு வராது.

இன்னொரு சிக்கல்: அறுக்காத பயிர் ‘அழிந்த பயிர்’ ஆகிவிடாது. வசந்தத்தில் அறுக்க முடியுமா என்று பார்த்துத்தான் கணக்கு முடிப்பார்கள். நடுவில் ஒரு முன்பணம் கிடைக்கலாம், ஆனால் ஆய்வாளர் வந்து பார்த்து எழுதித் தராமல் கொளுத்தவோ உழவோ கூடாது. எழுதி வாங்குவதற்குள் அவசரப்பட்டு ஒரு ஓரத்தைக் கொளுத்திய ஒருவர், அந்த ஓரத்துக்கு ஒரு டாலர்கூடப் பார்க்கவில்லை.

“எந்த வருஷம் ரொம்ப மோசம்?”

2019 என்பேன். செப்டம்பர் கடைசி வாரக் கடைசியில் தெற்கு ஆல்பர்ட்டாவில் கொட்டியது. மலையோரமாக வாட்டர்டன் பக்கம் 90 சென்டிமீட்டருக்கு மேல். அக்டோபர் இரண்டாம் வாரம் மனிடோபாவில் இலை உதிராத மரங்கள் மேல் ஈர ஸ்நோ விழுந்து, மரமும் மின்கம்பமும் சாய்ந்து மாநிலமே அவசரநிலை அறிவித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் அதே புயல். அங்கே சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு பெரும் பரப்பில் சேற்றிலேயே உறைந்து, தோண்ட முடியாமல் விடப்பட்டது.

போதாததற்கு அந்த மார்ச்சில்தான் சீனா இரண்டு பெரிய கனடிய நிறுவனங்களின் கனோலாவை வாங்க மறுத்திருந்தது. நவம்பரில் ரயில் வேலைநிறுத்தம் எட்டு நாள். புரொப்பேன் ரயிலில்தான் போகும்; கிழக்கே ஒன்டாரியோ, கியூபெக் பக்கம் ஈர மக்காச்சோளத்தை வைத்துக்கொண்டு காஸ் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“இங்கே மைசூர்ப் பருப்பு விலை ஏறுமா? அதை மட்டும் சொல்லு.”

டொராண்டோ நண்பரின் அம்மா கேட்டது. கேள்வி சரியானதுதான், உலகத்திலேயே அதிகம் மைசூர்ப் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று கனடா, அதில் பெரும்பங்கு சஸ்காட்சுவான் மாநிலத்தில் விளைவது. கொழும்பில் காலை பாணுக்குத் தொட்டுக்கொள்ளும் பருப்புக்கறியிலும் அது இருக்கலாம். ஆனால் பருப்புச் செடி சீக்கிரம் முற்றும். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பருக்குள் அறுத்துவிடுவார்கள். ஸ்நோவில் அதிகம் மாட்டுவது கனோலாவும் கோதுமையும். பருப்பு மாட்டிக்கொண்டால் மீட்பது கஷ்டம். செடி முழங்கால் உயரம்கூட இருக்காது, காய் தரையை ஒட்டி இருக்கும், அறுத்தால் பாதி சேறு வரும்.

விலையைப் பொறுத்தவரை இந்தியப் பருவமழையும் டெல்லி போடும் இறக்குமதி வரியும் இந்த ஸ்நோவைவிடப் பெரிய விஷயம். 2017 நவம்பரில் பட்டாணிக்கு 50 சதவீதம், அடுத்த மாதம் மைசூர்ப் பருப்புக்கு 30 சதவீதம் என்று வரி போட்டதில் இங்கே விலை விழுந்த வேகத்துக்கு எந்தப் புயலும் ஈடில்லை.

“பேசாம குளிர் தாங்குற கோதுமையையே போடலாமே?”

அப்படி ஒன்று இருக்கிறது, குளிர்காலக் கோதுமை. செப்டம்பரில் விதைத்தால் முளைத்து, ஸ்நோவைப் போர்வை மாதிரி போர்த்திக்கொண்டு தூங்கி, அடுத்த வருடம் மற்றதைவிட முன்னாலேயே முற்றும். கேட்க அருமையாக இருக்கிறதா? செப்டம்பரில் விதைக்க வயல் காலியாக இருக்க வேண்டும். இந்தக் கேள்வியே வயல் காலியாகாததால் வந்தது. தவிர, ஸ்நோ விழாமல் மைனஸ் 30 வந்தால் போர்வை இல்லாமல் செத்துப்போகும்.

“பக்கத்து வயல்காரர் முடிச்சிட்டார்னு சொன்னியே. இவர் மட்டும் ஏன் முடிக்கல? சோம்பேறியா?”

இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 3,000, 4,000 ஏக்கரை அப்பா, மகன், ஒரு கூலியாள் என்று மூன்று பேர் பார்க்கிறார்கள். பக்கத்து வயலில் ஜூலையில் ஒரு மழை குறைந்தால் பயிர் ஒரு வாரம் முன்னால் முற்றியிருக்கும். அவரிடம் உலர்த்தி இருக்கும், அதனால் 18 சதவீதத்திலேயே அறுக்கத் துணிவார். இவரிடம் இல்லை, 15க்குக் காத்திருப்பார். காத்திருந்த மூன்றாம் நாள் விழும். முதல் பதிலில் சொன்ன நாலைந்து மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். பெல்ட் ஒன்று அறுந்து ஒரு மதியம் போனால் ஒரு நாளே போனது.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இன்னும் 600 ஏக்கர் நிக்குது. பார்த்தா என்ன பேசுறதுன்னே தெரியல.”

புதிதாக இந்தப் பக்கம் குடிவந்த ஒரு தம்பி கேட்டது. “முடிச்சாச்சா?” என்று மட்டும் கேட்காதீர்கள், பெட்ரோல் பங்கிலிருந்து தேவாலயம் வரை அதைத்தான் கேட்டிருப்பார்கள். தூங்கவில்லை, சாப்பிடவில்லை, யாரிடமும் பேச மாட்டேன் என்கிறார் என்று தெரிந்தால் அவர் வீட்டில் சொல்லுங்கள். ‘டூ மோர் ஆக்’ என்று விவசாயிகளின் மன நலத்துக்கென்றே 2018இல் தொடங்கிய அமைப்பு இருக்கிறது, அதைச் சொல்வதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றபடி சாப்பாடு கொண்டு போங்கள். அறுவடை நேரத்தில் வயலுக்குச் சோறு எடுத்துப் போவது இங்கேயும் பழக்கம்தான். 2019 நவம்பரில் நான் ஒருவருக்குப் புளியோதரை எடுத்துப் போனேன், ஆறினாலும் கெடாதே என்று. கம்பைன் படியில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையோடு ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டார். வேர்க்கடலையை மட்டும் தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். கடைசியில் சாப்பிட வைத்திருக்கிறேன் என்றார்.